மலிவு யார் கணக்கில்?

மலிவு என்றால் மகிழாதவர் யார்? வாங்க வருகிறவருக்கு மகிழ்ச்சி. சரக்கு கடையில் தங்காமல் ஓடுவதால் விற்கிற நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் சென்ற ஆண்டு பத்துக்கு விற்ற பொருள் இவ்வாண்டு ஆறுக்கு விற்கிறதென்றால், அந்த நான்கு எங்கோ குறைந்திருக்க வேண்டுமல்லவா? மூலப்பொருளில் குறைந்ததா, கப்பல் கூலியில் குறைந்ததா, முதலாளியின் இலாபத்தில் குறைந்ததா, அல்லது செய்தவனின் சோற்றில் குறைந்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? கொள்முதல் விலையைப் பேரேட்டில் எழுதுகிறோம். விற்பனை விலையையும் எழுதுகிறோம். அதற்கு முந்திய கணக்கு நம்முடையதல்ல என்று ஏட்டை மூடிவிடுகிறோம். அப்படி மூடிவிடுவது சரிதானா என்பதே இங்கே நாம் ஆராயப் புகும் கேள்வி.

வெறும் வாதத்தால் இது விளங்காது. ஆகவே மலிவு என்பது இயந்திரத்தின் மூலம் பெருவெள்ளமாய் உலகில் வந்திறங்கிய முதல் இடத்துக்கே போய்ப் பார்ப்போம். அந்த இடம் இங்கிலாந்தின் லங்காஷயர். பொருளோ, நமக்கு மிகப் பழக்கமான பருத்தித் துணி.

நெசவில் இரண்டு வேலைகள் உண்டென்பதை ஜவுளிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று நூற்பது, மற்றொன்று நெய்வது. 1733-ல் ஜான் கே என்பவர், நாடாவைக் கையால் தள்ளாமல் கயிற்றை இழுத்து ஓடவிடும் முறையைக் கண்டுபிடித்தார். நெசவின் வேகம் கூடியது, நூல் போதவில்லை. ஒரு நெசவாளிக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் இராட்டை சுற்ற வேண்டியிருந்தது. இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோரின் நூற்பு இயந்திரங்கள் 1760-க்கும் 1780-க்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1786-ல் இராத்தல் 38 ஷில்லிங் விற்ற நூறாம் நம்பர் நூல் 1807-ல் ஏழு ஷில்லிங்குக்கும் கீழே வந்துவிட்டது. இப்போது நிலைமை தலைகீழாயிற்று: நூல் குவிந்தது, நெய்ய ஆள் போதவில்லை. கைத்தறி நெசவாளிகளுக்கு அது பொற்காலம். உழவனும் கூலிக்காரனும் தறிக்கு வந்தார்கள். கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் போதும். தறியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். எவனுடைய மணியோசைக்கும் எழுந்து ஓட வேண்டியதில்லை. இந்தப் பொற்காலம் இருபது ஆண்டுகூட நீடிக்கவில்லை.

நீராவி வந்த கதை வேறு. ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் முதலில் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கத்தான் பயன்பட்டது; அதன் தண்டு மேலும் கீழும் போய்வரும், அவ்வளவே. அந்த அசைவைச் சக்கரச் சுழற்சியாக மாற்றும் வழிக்கு வாட் 1781-ல் உரிமை பெற்றார். 1785-ல் நாட்டிங்ஹாம்ஷயரில் பாப்பிள்விக் என்னும் ஊரின் பஞ்சாலை ஒன்று அந்த இயந்திரத்தைப் பூட்டியது. அதுவரை ஆற்றங்கரையைத் தேடிப்போன ஆலைகள், அதன் பிறகு நிலக்கரி கிடைக்கும் நகரத்துக்கே வரலாயின.

அதே 1785-ல்தான் எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்கு முதல் உரிமை வாங்கினார். அவர் நெசவாளியல்லர், ஒரு பாதிரியார். முந்திய ஆண்டு மாட்லாக் என்னும் ஊரில் சில மாஞ்செஸ்டர்காரர்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது, நூற்பது போல நெய்வதையும் இயந்திரமே செய்தாலென்ன என்று கேட்டாராம். முடியவே முடியாது என்றார்கள். தறியையே சரியாகப் பார்த்திராத அந்த மனிதர் வீட்டுக்குப் போய் ஒன்றைச் செய்தே விட்டார். அது சரியாக ஓடவில்லை. பல ஆண்டுகள் திருத்தினார். அவருடைய தறிகளை வாங்கி மாஞ்செஸ்டரில் தொடங்கப்பட்ட ஆலை 1790-களின் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. கார்ட்ரைட் கடனில் மூழ்கினார். 1809-ல் பார்லிமெண்டு அவருக்கு 10,000 பவுன் வழங்கியது. நாட்டுக்கு நன்மை செய்து நட்டப்பட்ட ஒருவருக்குப் பொதுப்பணத்திலிருந்து ஈடு தரலாம் என்பதை அந்தப் பார்லிமெண்டு அறிந்தே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

விசைத்தறி உடனே வெற்றி பெறாததற்குக் காரணம் சாதாரணமானது. பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். சிறிது தூரம் நெய்து, தறியை நிறுத்தி, அடுத்த பகுதிக்குக் கஞ்சி தடவி, காயவைத்து, மறுபடி ஓட்ட வேண்டும். இப்படி நின்று நின்று ஓடினால் நீராவிக்குக் கொடுக்கிற கரி விலை கட்டுமா? 1803, 1804-ல் ஸ்டாக்போர்ட்டில் ராட்கிளிஃப் என்பவரின் ஆலையில், பாவு முழுவதற்கும் முன்கூட்டியே கஞ்சி போட்டுக் காயவைக்கும் இயந்திரம் உருவாயிற்று. 1822-ல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் வார்ப்பிரும்பால் உறுதியான தறியைச் செய்தார். அதன் பிறகு தடையில்லை.

அந்த நெசவுக்கூடத்தை மனக்கண்ணால் பாருங்கள். ஒரு கோடியில் கொதிகலன். அதன் வலுவால் சுழலும் நீண்ட இரும்புத் தண்டு கூரையின் கீழே கூடம் முழுவதும் ஓடுகிறது. தண்டிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் ஒரு தோல் வார் இறங்குகிறது. வார் தறிச்சக்கரத்தைச் சுற்ற, விழுது தானே ஏறி இறங்குகிறது, நாடா தானே பாய்கிறது, அச்சு தானே அடிக்கிறது. மனிதர் செய்வது தார் மாற்றுவதும் அறுந்த இழையை முடிவதுந்தான். நூற்றுக்கணக்கான தறிகள் ஒருங்கே அடிக்கும் ஓசையில் பேச்சு காதில் விழாது. அங்கே வேலை செய்த பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகினார்கள், நாளடைவில் பலருக்குக் காது மந்தமாயிற்று. புதுத் தாரின் நூலை நாடாவின் துளையில் வாயால் உறிஞ்சி இழுப்பார்கள்; பஞ்சுத் தூசியும் சேர்ந்தே உள்ளே போகும். இது ஆலைக்குள் இருந்தவர் நிலை. நம் கேள்வி பெரும்பாலும் ஆலைக்கு வெளியே இருந்தவரைப் பற்றியது.

1823-ல் எழுதப்பட்ட ஒரு கணக்கு இது. இருபத்தைந்து முப்பது வயதுள்ள கைதேர்ந்த கைத்தறி நெசவாளி வாரத்துக்கு 24 கெஜ நீளமுள்ள சட்டைத் துணி 2 பீஸ் நெய்வான். பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டு நீராவித் தறிகளைப் பார்த்துக்கொண்டால் அதே துணி 7 பீஸ் இறங்கும். பத்து ஆண்டு கழித்து, 1833-ல், இருபது வயதுக்குட்பட்ட ஒருவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் உதவியுடன் நான்கு தறி பார்த்தால் 18 பீஸ், சிலர் 20 பீஸ். பிரிட்டன் முழுவதும் விசைத்தறிகள் 1813-ல் 2,400, 1820-ல் 14,150, 1833-ல் சுமார் ஒரு லட்சம். இதே காலத்தில் கைத்தறியை நம்பியிருந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 40 ஆயிரம் பேர். போல்ட்டன் நகரில் 1805 வாக்கில் வாரம் சுமார் 25 ஷில்லிங் சம்பாதித்த நெசவாளி, 1818 வாக்கில் 9 ஷில்லிங் பெற்றான். 1830 வாக்கில் அது ஆறு ஷில்லிங்குக்கும் கீழே போயிற்று.

இயந்திரம் வந்தது, கூலி விழுந்தது, ஆகவே இயந்திரமே கொலைகாரன் என்று பலரும் இவ்விடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஆண்டுகளை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கூலி 25-லிருந்து 9-க்கு விழுந்த அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் நாட்டில் விசைத்தறி எத்தனை? சில ஆயிரங்களே. இரண்டரை லட்சம் நெசவாளிகளின் கூலியை அந்தச் சில ஆயிரம் தறிகளா அறுத்தன?

அறுத்த கை வேறு. அதைச் சொல்லும்போதுதான் வியாபாரியாகிய நமக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும். கைத்தறி நெசவாளி சுதந்திரமானவன் போலத் தோன்றினாலும் நூல் அவனுடையதன்று. நகரத்து வியாபாரி நூலைக் கொடுப்பார்; நெசவாளி வீட்டில் நெய்து துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவான். தொழிலுக்கு ஆள் மேலும் மேலும் வந்து குவிந்தது. நெப்போலியனோடு நடந்த யுத்தம் சந்தையைக் குலைத்தது, யுத்தம் முடிந்ததும் படையிலிருந்து திரும்பியவர்களும் வேலை தேடினார்கள். ஒரு வியாபாரி போட்டியாளரைவிடச் சற்று மலிவாக விற்க எண்ணினார். அவர் எதில் குறைப்பார்? பருத்தி விலை லிவர்பூலில் நிர்ணயமாகிறது. கப்பல் கூலி அவர் கையில் இல்லை. நெசவாளியின் கூலிதான் அவர் கைக்கெட்டுவது. அதில் ஆறு பென்ஸ் குறைத்தார். மறுவாரம் பக்கத்துக் கடைக்காரரும் குறைக்க வேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் அவர் சரக்கு தங்கிவிடும். அதற்கடுத்த மாதம் முதல்வர் மறுபடி குறைத்தார். கூலி குறையக் குறைய நெசவாளி வயிற்றுப்பாட்டுக்காக இன்னும் அதிக நேரம் நெய்தான். துணி இன்னும் குவிந்தது. விலை இன்னும் இறங்கியது. நீராவித் தறி பின்னால் வந்து, ஏற்கெனவே முழங்காலிட்டிருந்தவனைக் கீழே தள்ளியது என்பதே பொருத்தம்.

அதன் பிறகும் கைத்தறியை உடனே கைவிட்டார்களா என்றால் இல்லை. ஆலையும் வைத்து, வெளி நெசவாளிகளையும் வைத்திருந்த முதலாளிகள் பலர். சந்தை சூடாக இருந்தால் இருவருக்கும் வேலை. சந்தை மந்தமானால் ஆலை ஓடிக்கொண்டேயிருக்கும், ஏனெனில் இரும்பில் போட்ட முதல் சும்மா இருந்தால் வட்டி நட்டம். வெளி நெசவாளிக்கு மட்டும் நூல் இல்லையென்று சொல்லிவிடலாம். அவன் தறி அவன் வீட்டில் இருக்கிறது. அது சும்மா இருந்தால் நட்டம் அவனுக்கு. வியாபார சாமர்த்தியம் என்று பார்த்தால் இதில் குற்றம் காண முடியாது. அதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

“மொத்தத்தில் நன்மைதானே?” என்று கேட்பவர்களுக்கு வருவோம். உண்மைதான், அதை மறுக்கும் கட்சியில் நான் இல்லை. துவைத்துக் கட்டக்கூடிய பருத்தி உடை ஏழைப் பெண்ணுக்கும் கிடைத்தது. ஒரே உடுப்பை நாட்கணக்கில் உடுத்திக் கிடந்த குடும்பங்களுக்கு மாற்றுடை கிடைத்தது. இது அற்ப நன்மையன்று. ஆனால் மொத்தம் என்கிற சொல்லில் ஒரு தந்திரம் இருக்கிறது. நன்மை லட்சம் வீடுகளுக்கு அரைக்காசு அரைக்காசாகப் போனது. நட்டம் ஒரே வீட்டில் அடுப்பை அணைத்தது. கூட்டிப் பார்த்தால் இலாபமே நிற்கும். கூட்டியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் அரைக்காசு பெற்றவரே. நெசவாளியின் பேரன் ரயில் வேலையிலோ ஆலையிலோ நல்ல சம்பளம் பெற்றான் என்பதும் மெய். ஆனால் பேரன் உண்ணப்போகும் சோறு பாட்டனின் பசியைத் தீர்க்குமா?

கப்பல் வியாபாரம் அறிந்தவர்களுக்கு ஒரு பழைய விதி தெரியும். நடுக்கடலில் புயல். கப்பல் கனத்தால் முழுகும் நிலை. தலைவன் ஒருவருடைய மூட்டைகளைக் கடலில் தள்ளச் சொல்கிறான். கப்பல் பிழைத்துக் கரை சேர்கிறது. இப்போது நட்டம் யாருக்கு? மூட்டை போனவருக்கு மட்டுமல்ல. சரக்கு தப்பிய எல்லோரும், கப்பல் சொந்தக்காரர் உட்பட, தத்தம் பொருளின் மதிப்புக்குத் தக்கபடி பங்கு போட்டு அவருக்கு ஈடுசெய்ய வேண்டும். ரோட்ஸ் தீவின் பெயரால் ரோமாபுரிச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்விதி இன்றும் கப்பல் சட்டத்தில் உயிரோடிருக்கிறது. மூட்டையை எறிந்தது தவறென்று யாரும் சொல்வதில்லை. எறிந்ததனால் பிழைத்தவர்கள் கையை உதறிக்கொண்டு போவதைத்தான் தவறென்கிறது அவ்விதி. லங்காஷயரில் எறியப்பட்டது நெசவாளியின் பிழைப்பு. பங்கு போட யாரும் வரவில்லை.

இதற்கு ஒரு தடை சொல்லலாம்: மூட்டை ஒருவருடைய சொத்து, கூலி எப்படிச் சொத்தாகும், நாளைக்கும் இதே கூலி கிடைக்கும் என்று யார் அவனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்? வலுவான தடைதான். ஆனால் அந்தக் காலத்துப் பார்லிமெண்டு எதையெல்லாம் சொத்தென்று ஒப்புக்கொண்டது என்று பாருங்கள். 1833-ல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. அப்போது 2 கோடி பவுன் ஈடு கொடுக்க முடிவாயிற்று. யாருக்கு? அடிமைகளாய் உழைத்தவர்களுக்கு அன்று. அவர்களை வைத்திருந்த எஜமானர்களுக்கு! விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு பென்னியும் இல்லை. லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சிலும் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்ததே என்பதை இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். இரண்டாண்டு கழித்து, 1835-ல், கைத்தறிக் கூலிக்கு ஒரு கீழெல்லை கட்ட வேண்டுமென்ற மசோதா அதே பார்லிமெண்டுக்கு வந்தபோது, சந்தையின் இயற்கை விதியில் தலையிடக் கூடாது என்று தள்ளப்பட்டது. ஆக, நட்டத்துக்கு ஈடு கொடுக்கத் தெரியாமலில்லை. யாருடைய நட்டம் நட்டமாகக் கணக்கில் ஏறும் என்பதில்தான் வேற்றுமை.

அந்த மசோதாவுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் ஓல்டாம் தொகுதி அங்கத்தினரான ஜான் ஃபீல்டன். இவர் டாட்மார்டனில் விசைத்தறிகள் ஓட்டிய பெரிய ஆலை முதலாளி. கூலிக்கு எல்லை கட்டினால் தம் போட்டியாளர்களைப் போலத் தாமும் அதிகம் கொடுக்க நேரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தே கேட்டார். ஆலைகளில் பெண்களுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் நாளுக்குப் பத்து மணி நேரமே வேலை என்னும் 1847-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்லிமெண்டில் நடத்திச் சென்றவரும் இவரே. நெசவாளிகளுக்கோ, பின்னர் நியமிக்கப்பட்ட அரசாங்கக் கமிஷன் 1841-ல் கொடுத்த ஆலோசனையின் சாரம், இத்தொழிலை விட்டுப் போங்கள், பிள்ளைகளை இதில் சேர்க்காதீர்கள் என்பதே.

பொறுக்க மாட்டாமல் கையை ஓங்கியவர்களும் உண்டு. 1812-ல் வெஸ்ட்ஹவுட்டனில் விசைத்தறி ஆலையைக் கொளுத்தியதற்காக நால்வர் தூக்கிலேறினர். 1826 ஏப்ரலில் பட்டினி தாளாத கூட்டம் அக்ரிங்டன், பிளாக்பர்ன் முதலிய ஊர்களில் நாலு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தறிகளை உடைத்தது. சாட்டர்டனில் படை சுட்டு அறுவர் மாண்டனர். தறிகளை மறுபடி செய்துகொண்டார்கள். உடைத்தது விவேகமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விண்ணப்பம் எழுதி எழுதிப் பார்த்த பிறகே அவர்கள் சுத்தியலை எடுத்தார்கள் என்பதை மறைத்துவிட்டு அவர்களை மூடர்கள் என்று ஏசுவது நியாயமாகாது.

இது எங்கோ வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று நாம் ஒதுங்கவும் வழியில்லை. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைத் துறைகளிலிருந்து சோழமண்டலக் கரையின் கைத்தறித் துணியைக் கெடாவுக்கும் ஆச்சேக்கும் மலாக்காவுக்கும், பின்னர் பினாங்குக்கும் ஏற்றிவந்து விற்றவர்கள் நம் மரக்காயர்களும் சூலியாக்களுந்தாமே. 1814-ல் 8 லட்சம் கெஜத்துக்குச் சற்று மேலாக இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்துப் பருத்தித் துணி, 1835-ல் 5 கோடியே 17 லட்சம் கெஜமாயிற்று. இத்தீவுகளின் சந்தைகளிலும் மாஞ்செஸ்டர் சரக்கு கரைத்துணியைப் பின்னுக்குத் தள்ளியது. போல்ட்டன் நெசவாளியின் அடுப்பை அணைத்த அதே தறி, ஆறாயிரம் மைலுக்கு அப்பால் சோழமண்டல நெசவாளியின் அடுப்பையும் அணைத்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியார்கள். இடையில் நின்று இருவர் துணியையும் கெஜக்கோலால் அளந்தவர் வியாபாரி. மாஞ்செஸ்டர் துணியை விற்கமாட்டேன் என்று ஒருவர் சொல்லியிருந்தால், வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். கரை நெசவாளிக்கும் அதனால் ஒரு பீஸ் கூட விற்றிராது. ஆகையால் விற்றவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்விடத்தில்தான் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. தனி ஒருவர் கூலியை உயர்த்தினால் அவர் கடை மூடப்படும். மூடிய கடையால் யாருக்கும் கூலி இல்லை. ஆகவே தனி வியாபாரியின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இந்நோய் தீராது. ஆனால் “என்னால் தனியாக முடியாது” என்பது வேறு. “ஆகவே எனக்குப் பொறுப்பே இல்லை” என்பது வேறு. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுகிறவர்கள் மிகப் பலர். என்னால் தனியாக முடியாதென்றால், எல்லோரையும் ஒருங்கே கட்டும் விதிக்காக நான் வாய் திறக்க வேண்டும் என்பதே அதிலிருந்து நேராகப் பிறக்கும் முடிவு. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர் மாண்டனர். அதற்கு அடுத்த மாதமே, கட்டடப் பாதுகாப்புக்காக ஐரோப்பாவின் பெரிய ஆடை வியாபார நிறுவனங்கள் பல சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதுவரை தனித்தனியே முடியாதென்று இருந்தவர்களுக்கு, சேர்ந்து கையெழுத்திட்டதும் முடிந்தது. அத்தனை உயிர் போவதற்கு முன் அது ஏன் முடியவில்லை என்பதற்கு விடை அவர்களிடந்தான் கேட்க வேண்டும்.

ஒரு வியாபாரி எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு மாஞ்செஸ்டர் வியாபாரி ஜோசப் ஹான்சனைச் சொல்லலாம். 1808-ல் கூலிக்குக் கீழெல்லை வேண்டுமென்ற நெசவாளிகளின் விண்ணப்பத்தைப் பார்லிமெண்டு ஏற்கவில்லை. மே மாதம் ஆயிரக்கணக்கானோர் மாஞ்செஸ்டரில் ஒரு மைதானத்தில் கூடினார்கள். படை வந்தது, நெசவாளி ஒருவர் உயிரிழந்தார். ஹான்சன் குதிரைமீது அங்கே போய், உங்கள் கோரிக்கையில் நியாயம் உண்டென்று கூட்டத்தாரிடம் பேசினார். அமைதியாகக் கலையச் சொல்லவே போனேன் என்று அவர் தரப்பில் கூறப்பட்டது. கலகத்தைத் தூண்டினார் என்று சர்க்கார் வழக்குத் தொடுத்தது. 1809-ல் ஆறு மாதச் சிறையும் 100 பவுன் அபராதமும் விதித்தார்கள். அந்தப் பணம் அவருக்குப் பெரிதல்ல. அவர் சிறையிலிருந்தபோது, வாரக்கூலி விழுந்துகொண்டிருந்த ஏறக்குறைய நாற்பதினாயிரம் பேர் ஆளுக்கு ஒரு பென்னி போட்டு, அவருக்குக் கொடுக்க ஒரு கிண்ணம் செய்வித்தார்கள். 1811-ல், நாற்பது வயது நிரம்புமுன் அவர் காலமானார். கூலி மசோதா அப்போதும் நிறைவேறியிருக்கவில்லை.